உயரமான பிள்ளையை வளையத்தடியில் கட்டிப்போடாதீர்கள்

படுவான்கரைப் பாடசாலைகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பின்னேரங்களில் கழகத்துப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும்,



அணித் தெரிவு நாளில் நம்முடைய மைதானங்களில் முதலில் கேட்கிற வார்த்தை எது என்று உங்களுக்கே தெரியும்: "உயரத்துக்கு நில்லுங்க." பிள்ளைகள் வரிசையாகிறார்கள். தலைப்பில் நிற்கிற இரண்டு பேர் அந்த இடத்திலேயே தெரிவாகிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பந்து பிடிக்க வருமா, ஓட வருமா என்பதெல்லாம் பிறகு பார்க்கிற விடயம். கூடைப்பந்து என்றால் வளையத்தடி, வலைப்பந்து என்றால் கோல் ஷூட்டருக்கான ஜி.எஸ். பிப். மிச்சப் பிள்ளைகளின் வேலை, எப்பாடு பட்டாவது பந்தை அந்த இருவரின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இது பலன் தருகிறது என்பதுதான் சிக்கல். கோட்ட மட்டத்தில் வெல்கிறோம். வலய மட்டத்திலும் சில வருடம் வெல்கிறோம். மாகாணத்துக்குப் போனால் அங்கே நம் பிள்ளையைவிட உயரமான பிள்ளை ஒன்று நிற்கிறது. அதற்குப் பிறகு நம்மிடம் வேறு வழி இருப்பதில்லை. திரும்பி வரும்போது வேனுக்குள் பேச்சு ஒன்றுதான்: "அவனுகள்ட ஆள் நம்மட ஆளவிட உசரம்." அடுத்த வருடம் இன்னும் உயரமான பிள்ளையைத் தேடத் தொடங்குகிறோம்.

ஒன்றை அபாரமாகச் செய்து ஆட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற பிள்ளையைத் தோளில் தூக்குகிறோம். நான்கு வேலையைப் பிசகில்லாமல் செய்கிற பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில்கூட வருவதில்லை. தெரிவிலும் பழக்கத்திலும் பரிசளிப்பிலும் இந்தக் கணக்கை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உயரம் என்றதும் உங்களில் பலர் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொல்வீர்கள். சொல்லவும் வேண்டும். யாழ்ப்பாணத்து ஈவினையிலிருந்து வந்தவர், 208 சென்றிமீற்றர் உயரம், உலக வலைப்பந்தில் மிக உயரமான வீராங்கனை என்று பெயரெடுத்தவர். 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது அணியில் இருந்தார். 2018இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் அந்த நாட்டையே 69-50 என்று வென்று மீண்டும் கிண்ணத்தை எடுத்தபோதும் வளையத்தடியில் அவர்தான். 2011 உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த ஷூட்டர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் கழக அணிக்கும் ஆடினார்.

அவரை வெறும் உயரம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. தட்டி உள்ளே விழவைக்க எதுவும் இல்லை. 3.05 மீற்றர் உயரத்தில் ஒரு வெறும் வளையம், அவ்வளவுதான். அதில் பத்துக்கு ஒன்பது போடுவது கைப்பழக்கம். ஆனால் அந்த ஆட்டத்தின் விதி உயரத்துக்குத் தருகிற சலுகையையும் பாருங்கள். தடுப்பவர் ஷூட்டரின் காலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பந்து கைக்கு வந்துவிட்டால் 208 சென்றிமீற்றர் உயரத்தை மறிக்க யாராலும் முடியாது.

அப்படியிருந்தும் 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் நமக்குக் கிடைத்தது 16 அணிகளில் 15ஆம் இடம். தர்ஜினி அங்கேயும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். பந்து அவர் கைக்கு வந்து சேர வேண்டுமே! ஆசியாவில் நடுக்களத்திலிருந்து அவருக்குப் பந்து கொடுக்க நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. உலகப் போட்டியில் எதிரணிகள் தர்ஜினியை மறிப்பதைவிட அவருக்குக் கொடுக்கிறவர்களை மறிக்கவே பார்த்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுபக்கத்தில் நம் வளையத்தைக் காக்கவும் ஆள் போதவில்லை. ஓர் அணியில் ஒருவர் மலைபோல நிற்கும்போது மற்ற ஆறு பேரும் என்ன பழகியிருந்தார்கள் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேசிய அணியில் இல்லை. பதினாலு வயதில் பந்து பழகிய மைதானத்தில் இருக்கிறது, அதாவது உங்களிடம்.

நம் கரையில் வலைப்பந்துக் கம்பம் இல்லாத பாடசாலையைத் தேட வேண்டும். கூடைப்பந்துப் பலகை உள்ள பாடசாலையையும் தேடத்தான் வேண்டும். அதனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் வலைப்பந்துப் பழக்கத்தோடுதான் கூடைப்பந்துக்கு வருகிறார்கள். வலைப்பந்து நல்ல ஆட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஏழு பேருக்கும் ஏழு எல்லை. ஜி.எஸ். தன் வளையப் பக்கத்து மூன்றிலொரு பங்கைவிட்டு வெளியே வரக்கூடாது. கோல் கீப்பரான ஜி.கே. மறுபக்கத்தை விட்டு நகரக்கூடாது. நடுவில் ஓடுகிற சி, மைதானம் முழுக்க ஓடலாம், வட்டத்துக்குள் மட்டும் கால் வைக்க முடியாது. இந்த எல்லைகள் எப்படி வந்தன என்பது ஒரு வேடிக்கையான கதை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், வலைப்பந்துக்கு மூலமான கூடைப்பந்தைத் தொடங்கியபோது எவரும் எங்கும் போகலாம். நியூ ஓர்லியன்ஸில் பெண்கள் கல்லூரி ஒன்றின் ஆசிரியை கிளாரா பேயர் அவரிடமிருந்து வாங்கிய வரைபடத்தில் சில கோடுகள் இருந்தன. யார் எங்கே நின்றால் நல்லது என்று காட்டப் போட்ட கோடுகளை, அதைத் தாண்டக்கூடாது என்ற விதியாக அவர் எடுத்துக்கொண்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெண்களின் ஆட்டத்தில் களம் துண்டுதுண்டானதற்கு அந்த வரைபடமும் ஒரு காரணம்.

கோடு களத்தோடு நின்றால் பரவாயில்லை. பிள்ளையின் மண்டைக்குள்ளும் விழுந்துவிடுகிறது. புதிதாகக் கூடைப்பந்து பழக வந்த ஒரு பிள்ளையிடம் "உன்னால என்னெல்லாம் செய்யலாம்?" என்று கேட்டேன். "நான் ஜி.கே., சேர்" என்றாள். பத்தாம் வகுப்பு. பந்தைத் தட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நடுக்கோடு வரை அழகாகப் போனவள், கோட்டில் கால் பட்டதும் நின்றுவிட்டாள். விசில் வரும் என்று திரும்பி என்னைப் பார்த்தாள். "போ, போ, இதில போகலாம்" என்று கத்திய பிறகும் இரண்டடி வைத்துப் பந்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிப் போய்விட்டாள். அவளுக்குக் கையும் இருந்தது, காலும் இருந்தது. போகலாம் என்ற எண்ணம்தான் இல்லை. சில கிழமை கழித்து அதே பிள்ளை எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறித்து, மறுமுனை வரை தட்டிக்கொண்டு போய், தானே போடாமல் பக்கத்தில் ஓடி வந்தவளுக்குக் கொடுத்துப் போட வைத்தாள். அன்றைக்கு அவள் எடுத்த புள்ளி பூச்சியம்.

ஒரே கோட்டோடு நிற்காமல் எல்லாப் பக்கமும் ஆடுகிற பிள்ளையின் அருமை நம்முடைய ஊரில் தெரியாத ஆளில்லை. கிளித்தட்டு விளையாடாமல் வளர்ந்தவர் யார்? மறிக்கிற அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டைவிட்டு அவர் நகர முடியாது. கிளிக்கு மட்டும்தான் நடுக்கோடும் சுற்றுக்கோடும் முழுக்கச் சொந்தம். யாரைக் கிளியாக விடுவோம்? நெட்டையனையா? பலசாலியையா? எதிராளி எந்தப் பக்கம் பாய்வான் என்று தோளசைவைப் பார்த்தே பிடிக்கிறவனை, முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் திரும்புகிறவனை, எந்தக் கோட்டில் நம் ஆள் தடுமாறுகிறான் என்று கண் வைத்திருக்கிறவனை. கோயில் வீதி மணலில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே சரியாகத் தெரிந்தெடுக்கிறார்கள். அதே பிள்ளைகளைச் சப்பாத்துப் போட்டுச் சீமெந்துத் தளத்தில் இறக்கியதும், நாம் வந்து உயரத்துக்கு நிற்கச் சொல்லிவிடுகிறோம்.

வாவிக்கு அக்கரையில், மட்டக்களப்பு நகரத்தில், கூடைப்பந்து நேற்று வந்ததல்ல. லூசியானாவிலிருந்து 1948இல் வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினார். இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் நிலையத்தையும் நடத்தினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தன்னோடு வந்த பேட்ரம் பிரான்சிஸுடன் காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. அவர் பழக்கியவர்கள் பழக்கியவர்கள் என்று அந்த வழி நகரத்தில் இன்னும் தொடர்கிறது. நமக்கும் நகரத்துக்கும் இடையில் அப்போது பாதை என்கிற மிதவைப் படகு இருந்தது, அதில் ஏறிக் கடக்க வேண்டும், பொழுதுபட்டால் அதுவும் இல்லை. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பிள்ளை பின்னேரம் நகரத்துக்குப் போய் ஆடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். போய் வந்த பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "அங்க எல்லாரும் பந்து தட்டுறானுகள், சேர். பெரியவனும் தட்டுறான்."

பெரியவனும் தட்டுறான். இதைத்தான் நான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடிய வில்ட் சேம்பர்லினின் கதையை இந்த இடத்தில் விட முடியாது. ஏழடி ஓர் அங்குலம். 1962 மார்ச் 2ஆம் திகதி, பென்சில்வேனியாவின் ஹேர்ஷி நகரில், நியூயோர்க் அணிக்கு எதிராகத் தனியாளாக 100 புள்ளி எடுத்தார். அணியின் மொத்தம் 169. அந்தப் பருவம் முழுக்க அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4. ஆறு தசாப்தம் கழிந்தும் இரண்டுக்கும் கிட்ட யாரும் வரவில்லை. கிண்ணம் போனதோ பொஸ்டனுக்கு. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் பொஸ்டனின் பில் ரஸலுக்குப் போனது. ரஸலின் சராசரி 18.9தான். அந்நாளில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்லர், களத்தில் இருவரோடும் முட்டி மோதிய வீரர்கள். 50 எடுத்தவரைவிட 19 எடுத்தவரோடு ஆடுவதுதான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரஸல் ஷொட்டை மறிப்பார், மறித்த பந்தை வெளியே அடித்து வீணாக்காமல் தன் ஆளின் பக்கம் தட்டிவிடுவார், ரிபவுண்டை எடுத்த கையோடு முன்னே ஓடுகிறவனுக்கு எறிவார். 13 பருவத்தில் 11 கிண்ணம்.

கதையின் மறுபாதி இன்னும் நல்லது. 1966-67 பருவத்தில் பிலடெல்பியாவின் பயிற்றுவிப்பாளர் அலெக்ஸ் ஹனம், சேம்பர்லினைக் குறைவாகப் போடவும் கூடுதலாகக் கொடுக்கவும் வைத்தார். புள்ளிச் சராசரி 24.1க்கு இறங்கியது, அந்த 50.4இல் கிட்டத்தட்ட பாதி. கூட்டாளிக்குக் கொடுத்துப் போட வைத்தது ஆட்டத்துக்கு 7.8. அணி 81 ஆட்டத்தில் 68ஐ வென்றது. வழியில் ரஸலின் பொஸ்டனை ஐந்தே ஆட்டத்தில் சாய்த்தது, கிண்ணத்தையும் எடுத்தது. அடுத்த பருவம் மொத்த அசிஸ்டில் லீக்கிலேயே முதலாள் சேம்பர்லின். ஏழடி ஓர் அங்குலம் அப்படியே இருந்தது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பது மாறியது.

ஒரே ஒரு பலத்தை நம்பியிருப்பவரை விதியை மாற்றியும் மடக்கலாம். சேம்பர்லினுக்கு முந்திய நெட்டை வீரர் ஜோர்ஜ் மைக்கனை அடக்க 1951இல் வளையத்தடிப் பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக அகட்டினார்கள். சேம்பர்லின் காலத்தில், 1964இல், 16 அடியாக்கினார்கள். கரீம் அப்துல் ஜபார் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த 1967இல், பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அறைவதையே கல்லூரி ஆட்டங்களில் தடைசெய்தார்கள். 1976 வரை அந்தத் தடை இருந்தது. கரீம் சோரவில்லை. கையைத் தலைக்கு மேலே வளைத்து எறிகிற தன் ஸ்கை ஹூக்கைப் பட்டை தீட்டிக்கொண்டார்.

அந்தக் கரீமே 1980 இறுதித்தொடரில் கணுக்கால் பிசகி ஆறாம் ஆட்டத்துக்கு வர முடியாமற்போனபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய அணியான லேக்கர்ஸ் அந்த இடத்தில் நிறுத்தியது இருபது வயது மேஜிக் ஜோன்சனை. அவர் முதல் வருடக்காரர், அதுவும் பந்தைக் கொண்டுவருகிற கார்ட். மே 16ஆம் திகதி, பிலடெல்பியா மண்ணில், சென்டராகத் தொடங்கி 42 புள்ளி, 15 ரிபவுண்ட், 7 அசிஸ்ட். 123-107, கிண்ணம். பெரியாள் இல்லாத நாளில் அணி சாகாமல் இருப்பதற்கு இப்படி ஒருவர் வேண்டும். உங்கள் உயரமான பிள்ளைக்குப் போட்டியன்று காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இக்கால உதாரணம் கேட்கிற பிள்ளைகளுக்கு நிகோலா யோக்கிச் இருக்கிறார். 2014 என்.பி.ஏ. தெரிவில் 41ஆவது ஆள். அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் சாப்பாட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வேகமும் பெரிதில்லை, துள்ளலும் பெரிதில்லை. ஆனால் அந்தப் பெரிய உடம்போடு அவர் கொடுக்கிற பாஸை ஆறடிக் கார்ட்கள் பார்த்துப் படிக்கிறார்கள். 2021, 2022, 2024 மூன்று முறை சிறந்த வீரர், 2023இல் டென்வருக்குக் கிண்ணம்.

இனி நம்முடைய மைதானத்துக்கே வருகிறேன், ஏனென்றால் பாடசாலை மட்டத்தில் உயரத்தை நம்புவதில் இன்னொரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. பதின்மூன்று வயதில் மீசை அரும்பிய பிள்ளையை நாம் உயரமான பிள்ளை என்கிறோம். அவன் உயரமானவன் அல்ல, முந்தி வளர்ந்தவன். பதினைந்து வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் எல்லாரையும் தோளால் தள்ளிவிட்டுப் போடுவான். மூன்று வருடம் நாமும் அவனை வளையத்தடியை விட்டு நகர விடுவதில்லை. உயர்தரம் வரும்போது மற்றப் பிள்ளைகள் எட்டிப்பிடித்து விடுகிறார்கள். இப்போது அவன் ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் நிற்கிற சென்டர். இடது கையால் பந்து தட்ட வராது, தூரத்திலிருந்து போட வராது, வேகமான ஆளை மறிக்கக் கால் வராது. பதினெட்டு வயதில் அவன் ஆட்டத்தை விட்டுப் போகிறான். ஊரும் "அவன் சின்ன வயசில நல்லா ஆடினவன்" என்று சொல்லி முடித்துவிடுகிறது. அவன் மோசம் போனதற்கு அவன் பொறுப்பில்லை.

இதற்கு நேரெதிர் அந்தோனி டேவிஸ். சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியில் ஆறடி இரண்டு அங்குலக் கார்டாகப் பந்து தட்டிப் பழகியவர். திடீரென்று ஆறடி பத்து அங்குலம் வரை வளர்ந்தார். கையில் பழகிய வேலை உயரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 2012 தெரிவில் முதலாவது ஆள். எந்தப் பிள்ளை எப்போது வளரும், எது வளராது என்று நம்மில் யாருக்கும் சாத்திரம் தெரியாது. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும் பழக்குவதுதான் விவேகம்.

பக்கத்து இந்தியாவிலும் பாருங்கள். பஞ்சாபின் பல்லோ கே என்ற விவசாயக் கிராமத்திலிருந்து ஏழடி இரண்டு அங்குல சத்னாம் சிங் பாமரா போனார். 2015இல் டலஸ் மாவரிக்ஸ் அவரை 52ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தெரிவில் இடம்பிடித்த முதல் ஆள். பெருமைதான், மறுப்பில்லை. ஆனால் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த லீக் பெரியாட்களிடமே வெளியே வந்து மறிக்கவும் தூரத்திலிருந்து போடவும் கேட்கத் தொடங்கிவிட்டது. பிறகு அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். மறுபக்கம் சென்னையின் அனிதா பால்துரை. பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி, ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. ஒரு பருவம் மின்னிவிட்டுப் போகாமல் பதினேழு, பதினெட்டு வருடம் நாட்டுக்காக ஆடினார். அவ்வளவு காலத்துக்கு ஒருவரை அணி வைத்திருக்கிறதென்றால் அணி கேட்ட வேலைக்கெல்லாம் அவரிடம் கை இருந்திருக்கிறது.

சரி, பலவேலை செய்கிற பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? கண்ணால் மட்டும் முடியாது. கண் பந்தின் பின்னால்தான் போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவு ஒரு கொப்பியும் பென்சிலும். ஆட்டத்தில் இறங்காத பிள்ளை ஒன்றை மேசையில் இருத்துங்கள். யார் எப்போது உள்ளே போகிறார், அப்போது புள்ளி எத்தனைக்கு எத்தனை, வெளியே வரும்போது எத்தனைக்கு எத்தனை, இதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெரியவன் 14 புள்ளி எடுத்தான், ஆனால் அவன் களத்தில் நின்ற நேரத்தில் எதிரணி நம்மைவிட 6 கூடுதலாக எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லிப் பையன் ஒருவன் 2 புள்ளிதான் எடுத்தான், அவன் நின்ற நேரத்தில் நாம் 11 கூடுதலாக எடுத்திருக்கிறோம். ஓர் ஆட்டத்தில் இது தற்செயலாக இருக்கலாம். ஒரு தவணை முழுக்க இப்படியே வந்தால் அந்த ஒல்லிப் பையன் என்னவோ செய்கிறான். அவனை மட்டும் பார்த்துக்கொண்டு ஓர் ஆட்டம் உட்காருங்கள், தெரியவரும்: எதிராளியை அந்த எதிராளிக்குப் பிடித்த கைப்பக்கம் போகவிடுவதில்லை, ரிபவுண்டுக்குத் தான் பாயாமல் எதிரணிப் பெரியவனை முதுகால் தடுத்து வைத்திருக்கிறான், பந்து கொடுத்த பிறகு நின்று பார்ப்பதில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிளஸ்-மைனஸ் என்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஹூஸ்டனில் ஆடிய ஷேன் பட்டியே பற்றி மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் 2009இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். புள்ளி அட்டையில் பட்டியேயின் பெயருக்கு நேரே பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் அவர் இறங்கினால் சொந்த அணி நன்றாக ஆடும், எதிரணி மோசமாக ஆடும். அவர்கள் கணினியில் செய்ததை நம் பிள்ளைகள் எண்பது பக்கக் கொப்பியில் செய்யட்டும். கணக்குப் பாடத்துக்கும் உதவும்.

பழக்கத்தில் என்ன மாற்றலாம் என்று கேட்பீர்கள். வலைப்பந்து அணியாக இருந்தால் பழக்க ஆட்டங்களில் ஒவ்வொரு கால் பகுதிக்கும் பிப்பை மாற்றிக் கொடுங்கள். ஜி.எஸ். ஒருநாள் ஜி.கே.யாக நிற்கட்டும். தன்னைத் தானே மறித்துப் பார்த்தால்தான் எங்கே நின்றால் மறிக்க முடியாது என்று அவளுக்கு விளங்கும். கூடைப்பந்தாக இருந்தால் மூவர் ஆட்டத்தைத் தொடங்குங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்டார்கள், 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியிலும் இருந்தது, இலங்கையும் போனது. நமக்கு அது செய்துவைத்தது மாதிரி. ஒரு வளையம் போதும், பாதித் தளம் போதும், பக்கத்துக்கு மூன்று பேரும் மாற்று ஒருவரும் போதும். பத்து நிமிடம், அல்லது முதலில் 21 புள்ளி. பந்து கைக்கு வந்து 12 விநாடிக்குள் போட வேண்டும். பந்தின் அளவு 6, பாரம் 7, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பந்து. எதிரணி தவறவிட்ட பந்தைப் பிடித்த பிள்ளை அதை வளைவுக்கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டோ கொடுத்தோ கொண்டுபோன பிறகுதான் போட முயலலாம். வளையத்தடியில் நின்று எடுக்க மட்டும் தெரிந்த பிள்ளை அங்கேயே மாட்டிக்கொள்ளும். மூன்று பேரில் ஒருவரை ஒளித்துவைக்கவும் இடமில்லை. நாம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த விதி ஒரு கிழமையில் புரியவைத்துவிடும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு சுற்றுப்போட்டி. அதிபர் கேட்பது கிண்ணம், பெற்றார் கேட்பது சான்றிதழ். தோற்றால் அடுத்த வருடம் பந்து வாங்கவும் காசு வராது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் பழக்கிக்கொண்டிருந்தால் இந்த வருடம் தோற்போமே என்ற பயம் பொய்யில்லை. முதல் வருடம் தோற்கவும் கூடும். உயரமான பிள்ளை கையில் இருக்கும்போது இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை அவனுக்குக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? பழக்க நாட்களில் அவனை வெளியே கூப்பிட்டுப் பந்து தட்ட விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பதினேழு வயதுக்கு மேலே ஒருவனை ஓர் இடத்துக்கென்று தீட்டுவதும் சரிதான். அதற்கு முன்னே வேண்டாம். சகலகலாவல்லவர்கள் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தட்டுதல், நின்று பார்க்காமல் கொடுத்தல், ஆளை மறித்தல், ரிபவுண்டுக்கு உடம்பை வைத்தல், நடுத்தூரத்தில் போடுதல். இவ்வளவும் ஓரளவு வந்தால் போதும். ஏதோ ஒன்றில் அவன் தானாகவே கெட்டிக்காரன் ஆவான். அது எது என்று அவன் நமக்குக் காட்டட்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள், கழகங்களுக்கு. உங்கள் சுற்றுப்போட்டிகளில் சிறந்த வீரர் கிண்ணத்தை இறுதியாட்டத்தில் ஆகக் கூடுதலான புள்ளி எடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கிண்ணம் அப்படியே இருக்கட்டும், பறிக்கச் சொல்லவில்லை. அதோடு இன்னொன்று வையுங்கள், அதே உயரத்தில், அதே விலையில். அதை யாருக்குக் கொடுப்பது என்று நடுவர்களும் நீங்களும் தீர்மானிக்காமல், தோற்ற அணியின் பிள்ளைகளைக் கேளுங்கள்: "யாரோடு ஆடினது ஆகக் கஷ்டம்?" அவர்கள் சொல்கிற பெயரை ஒலிபெருக்கியில் வாசியுங்கள். கொப்பி எழுதப் பிள்ளைகளைப் பழக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் வருகிறேன். பென்சில் நான் கொண்டுவருவேன், கொப்பி உங்கள் செலவு.

அன்புடன்,
கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரன்